நடுக்கம் நின்ற பிறகு

பார்க்கின்சன் நோய்க்கு மூளைக்குள் மின்முனை வைத்துச் செய்யும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையை விளக்கும் காணொளிகள் பெரும்பாலும் கையைத்தான் காட்டுகின்றன. கருவி அணைந்திருக்கையில் டம்ளர் தண்ணீர் தளும்புகிறது. முடுக்கியதும் கை அடங்குகிறது. அதில் பொய் இல்லை. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் 1987இல் அலிம் லூயி பெனபிட் என்ற மூளை அறுவை நிபுணர், மூளையின் தலாமஸ் பகுதிக்குள் மின்முனையை இறக்கி வேகமான மின்துடிப்பைச் செலுத்தியபோது நடுக்கம் நின்றது. தொண்ணூறுகளில் அவருடைய குழு சப்தலாமிக் கரு என்னும் மிகச்சிறிய பகுதிக்குக் குறிவைத்தது. நடுக்கத்தோடு விறைப்பும் மந்தமும் குறைந்தன. மாத்திரையைப் பாதியாகக் குறைக்க முடிந்தவர்களும் உண்டு.

காணொளியில் தெரியாமல் போவது கால். நோய் முற்றும்போது பலருக்குப் பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறது. குளியலறை வாசற்படியில், நாற்காலியில் உட்காரத் திரும்புகையில், அழைப்புமணி கேட்டு அவசரமாக எழுகையில் இது நேரும். உடல் முன்னால் சாய்கிறது, குதிகால் படபடக்கிறது, அடி மட்டும் எழவில்லை. பக்கத்தில் இருப்பவர் "வாங்கப்பா, நடங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிறார். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அந்த இழுப்பே ஆளைக் கீழே தள்ளிவிடலாம். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி எழுந்து நடப்பதில்லை.

கால் இப்படி ஒட்டிக்கொள்வதைச் சோம்பல், பிடிவாதம், மனப்பயம் என்று வீட்டார் பேசுவது என்னைக் கலங்க வைக்கிறது. தரையில் குறுக்கே பட்டைகளை ஒட்டிவிட்டால் அதே மனிதர் ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்துவிடுகிறார். நெதர்லாந்தில் பாஸ் ப்ளூம் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு 2010இல் 58 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியது. சில அடி வைப்பதற்குள் விழுந்துவிடும் அவர், சைக்கிளில் ஏறியதும் தடுமாறாமல் ஓட்டினார். இறங்கியதும் கால் மறுபடி உறைந்தது. தசையில் வலு இருக்கிறது. யோசிக்காமல் அடியெடுத்து வைக்கச் செய்யும் மூளை இணைப்புகள்தான் கெட்டிருக்கின்றன. அவற்றில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளோடு தொடர்பில்லாதவையும் உண்டு. சப்தலாமிக் கருவைத் தூண்டி அவற்றை மீட்க முடிவதில்லை.

ஆகவே அறுவைக்கு முன் செய்யும் ஒரு சோதனையை நோயாளிக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். இரவு மாத்திரையை நிறுத்தி, காலையில் நடக்கவிட்டு, பிறகு லெவோடோபா என்ற பார்க்கின்சன் மருந்தைக் கொடுத்து மீண்டும் நடக்கவிடுவார்கள். மருந்து நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்தில் கால் விடுபட்டால், கருவியாலும் விடுபட வாய்ப்புண்டு. அப்போதும் ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் அறுவைக்குப் பின்னும் ஒட்டும். நடக்கலாம் என்ற நம்பிக்கையில் மண்டையோட்டில் துளையிடச் சம்மதிப்பவரிடம் இதை மழுப்புவது கொடுமை.

மூளைத்தண்டில், நடையோடு நேரடித் தொடர்புள்ள இடத்திலேயே மின்முனையை வைத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் பலித்தது, சிலருக்கு இல்லை. ஏற்கெனவே கருவி பொருத்தியவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. வழக்கமாக 130 ஹெர்ட்ஸ் அளவில் ஓடும் துடிப்பை 60க்குக் குறைத்தால் சிலருடைய கால் இளகுகிறது. ஆனால் நடுக்கம் திரும்பி வரக்கூடும். டம்ளரைச் சிந்தாமல் பிடிப்பதா, குளியலறைக்குத் துணையில்லாமல் போய்வருவதா என்பதை ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் தாமாக முடிவு செய்யாமல், அந்த உடம்போடு வாழ்கிறவரிடம் கேட்க வேண்டும்.