அபஸ சூராவும் நம் பிள்ளைகளும்



பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், கடையில் பால் டின்களை அடுக்குவதிலேயே லயித்து நிற்கும் பிள்ளைகளை ரெம்பாவில் நாம் காண்கிறோம். ஜின் கோளாறு என்பார் சிலர். உம்மாவின் வளர்ப்பைக் குறை சொல்வார் சிலர். இரண்டும் தவறு. இது ஆட்டிசம், மூளை வேறு விதமாய் வளர்வது. 1943-இல் லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைப் பார்த்து இதை விவரித்தார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுடன் பேசுகையில், கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) இடையில் வந்தார். அவரை விட்டு முகம் திருப்பியதற்காக அபஸ சூரா இறங்கிற்று. பள்ளியில் சத்தமிடும் பிள்ளையை வாப்பாவோடு வெளியே அனுப்புகிறவர்கள் இதை ஓதாதவர்களா? பேத்தி உமாமாவைச் சுமந்தபடி தொழுதவர்களின் உம்மத்தல்லவா நாம்!

வியாபாரிகளாகிய நம்மால் ஆவது ஒன்றுண்டு. கூட்டமில்லாத நேரத்தில் அப்பிள்ளையைக் கடைக்கு வரச் சொல்வோம். எப்போதும் ஒரே ஆள், சின்னச் சின்ன வார்த்தையில் பேசட்டும். காசு கொடுத்து மீதி வாங்கும்வரை பொறுத்திருப்போம். முகத்தைப் பார் என்று வற்புறுத்த வேண்டாம். பலமுறை வந்தபின் தானே ஸலாம் சொல்லும் பிள்ளையுண்டு, சொல்லாததும் உண்டு. அதற்கும் சாமான் கொடுக்கத்தானே வேண்டும்?

பெற்றோர் தாமதிக்கலாகாது. 18 மாதத்திலேயே சர்க்கார் கிளினிக்கில் இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். சமூக நல இலாகாவில் பதிந்து அட்டையும் பெறலாம்.

ஜும்ஆவில், ஒலிபெருக்கிக்குத் தூரமாய், கடைசி ஸப்பின் ஓரத்தில் வாப்பாவுக்கும் பிள்ளைக்கும் இடம் விட்டு வைப்போம்.