சிராவகர் சிலம்பம் கற்கலாமா?

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டது நம் சமயம். எறும்புக்கும் இடர் நேராதவாறு நிலத்தைப் பார்த்து அடியெடுத்து வைக்கும் துறவியரை வணங்கி வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய இல்லத்தில் பிறந்த பிள்ளை, கையில் மூங்கிற் கம்பை ஏந்தி, எதிரே நிற்பவர்மீது வீசப் பழகலாமா? இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் எழுந்துள்ள வினா இது.

வினா எழுவதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் கோவில் திருவிழாக்களிலும் பொங்கல் விளையாட்டுகளிலும் மட்டுமே காணப்பட்ட சிலம்பம், இன்று பள்ளி மாணவரின் மாலைநேரப் பயிற்சியாகிவிட்டது. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு சிலம்பத்தையும் சேர்த்தது. 2024ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நாம் வாழும் ஆவுடையார்கோவில் பகுதியிலும் ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகள் கம்பு சுற்றுகின்றனர். உடன் படிக்கும் தோழியர் யாவரும் செல்லும்போது நம் பெண்ணை மட்டும் வேண்டாம் என்று நிறுத்துவதா, அனுப்புவதா எனப் பெற்றோர் தயங்குகின்றனர். "நம் தர்மத்திற்கு ஆகாது" என்பார் ஒருபுறம். "காலம் கெட்டுக் கிடக்கிறது, பெண்பிள்ளை தற்காப்பு அறிந்திருக்க வேண்டாமா" என்பார் மறுபுறம். இரு சாராரும் தம் குழந்தையின் நலத்தையே கருதுகின்றனர். ஆகவே இதை ஆகமத்தின் துணைகொண்டு அமைதியாக ஆராய்தல் நன்று.

நால்வகை ஹிம்சை

நம் ஆசாரியர்கள் ஹிம்சையை நான்காக வகுத்துள்ளனர். கொல்ல வேண்டும், துன்புறுத்த வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல், நீர் இறைத்தல் போன்ற இல்லக் கடமைகளில் நேர்வது ஆரம்பி ஹிம்சை. உழவு, வாணிகம் முதலான தொழில்களில் நேர்வது உத்யோகி ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வருபவனைத் தடுக்கும்போது நேர்வது விரோதி ஹிம்சை. மகாவிரதம் பூண்ட முனிவர் இந்நான்கையும் துறந்தவர். அணுவிரதம் பூண்ட இல்லறத்தார் முதலாவதை அறவே விடுதல் வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

பார்சுவநாதர் கமடனின் இடையூறுகளைப் பொறுத்தார். மகாவீரர் தம்மைத் துன்புறுத்தியோரைப் பொறுத்தார். நாமும் பொறுத்துக்கொள்வதே முறை அன்றோ எனச் சிலர் வினவுவர். அப்பொறுமை உடலையே உடைமையாகக் கருதாத துறவியின் பொறுமை. இல்லறத்தான் பொறுப்பில் மனைவி மக்கள் உளர், முதியோர் உளர். தன் கண்முன் ஒரு சிறுமி தாக்கப்படும்போது கைகட்டி நின்றுவிட்டு, அதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டிக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை. அச்சத்தால் வாளாவிருப்பதும் அருளால் பொறுப்பதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வினைக்கட்டில் அவை ஒன்றல்ல.

ஆதிபகவனாகிய ரிஷபதேவர் மக்களுக்கு வாழும் வழி காட்டியபோது ஆறு தொழில்களை வகுத்தளித்தார் என்பது நாம் அறிந்ததே. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் அவ்வரிசையில் வாட்படையைக் குறிக்கும் அசியே முதலில் நிற்கிறது. சிரவணபெளகொளாவில் 57 அடி உயரத்தில் நிற்கும் கோமடேசுவரர் திருவுருவை எழுப்புவித்த சாமுண்டராயர், கங்க மன்னரிடம் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கியவர். போர்க்கலை கற்றதனாலேயே ஒருவர் சிராவகர் ஆகாமற் போய்விடுவார் என்று நம் மரபு கூறவில்லை.

மாக்கோழி தரும் பாடம்

எனினும் இவ்வளவோடு விடை முடிந்துவிடாது. நம் மரபிலேயே இதற்கு எதிராக நிற்கும் வலிய சான்று ஒன்றுண்டு. யசோதர காவியக் கதையை நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். யசோதர மன்னன் தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி, உயிருள்ள கோழிக்கு ஈடாக மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். ஓர் உயிரும் போகவில்லை. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. ஆயினும் மகனும் தாயும் மயிலாகவும் நாயாகவும் பிறந்து, பின்னும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். மாவைத்தான் வெட்டினோம் என்பது அவர்களைக் காக்கவில்லை.

அவ்வாறாயின், களத்தில் நிகழும் பொய்ப்போரும் மாக்கோழியே அன்றோ? அடிபட்டவர் காயமுறவில்லை என்பதனால் அடித்தவர் வினையிலிருந்து தப்புவாரோ? சிலம்பம் வேண்டா என்போர் சொல்லத்தக்க மிக வலிய வாதம் இதுவே. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது.

விடை, ஹிம்சைக்கு நம் ஆசாரியர் தந்த இலக்கணத்தில் இருக்கிறது. கவனமின்மையும் கஷாயமும் கலந்த செயலால் உயிர்க்கு ஊறு செய்வதே ஹிம்சை என்றார் உமாசுவாமி. விருப்பு வெறுப்புகள் உள்ளத்தில் எழுவதே ஹிம்சை, எழாதிருப்பதே அஹிம்சை என்ற கருத்தைப் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திர சூரி விளக்கினார். மன்னன் மாவை வெட்டியபோது அவன் உள்ளம் கோழியை வெட்டிற்று. கொலையின் பயனையும் அது விரும்பிற்று. சிலம்பக் களத்தில் பழகும் இருவரோ, தொடங்குமுன் ஒருவரையொருவர் வணங்குகின்றனர். வீசும் கம்பு தோழியின் உடலைத் தொடும் நொடியிலேயே நிற்க வேண்டும் என்பதே பயிற்சி. ஓங்கிய கையை நிறுத்தப் பழகுவது கொலையைப் பழகுவதாகாது.

ஆயினும் ஓர் எல்லை உண்டு. எதிரே நிற்கும் தோழியைத் தனக்குப் பிடிக்காத ஒருத்தியாக எண்ணிக்கொண்டு ஒரு பெண் கம்பை வீசினால், அக்கணமே அது மாக்கோழி ஆகிவிடுகிறது. வைக்கோற் பொம்மைக்குப் பகைவன் பெயரிட்டு அடிக்கச் சொல்லும் பயிற்சியும் அத்தகையதே. ஒரே களம், ஒரே கம்பு, ஒரே வீச்சு. உள்ளத்தைப் பொறுத்து ஒன்று உடற்பயிற்சி, மற்றொன்று சங்கல்பி ஹிம்சை.

அச்சணந்தி விதித்த ஓராண்டு

கலையைக் கற்பிப்பவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பதற்குச் சீவக சிந்தாமணி நல்லதொரு சான்று தருகிறது. சீவகனுக்குக் கலைகள் அனைத்தையும் கற்பித்த ஆசிரியர் அச்சணந்தி. கல்வி நிறைந்தபின் அவனுடைய பிறப்பின் வரலாற்றை அவரே உணர்த்துகிறார். தந்தையைக் கொன்று அரசைக் கவர்ந்தவன் கட்டியங்காரன் என்று அறிந்ததும் சீவகன் கொதித்தெழுகிறான். அப்போது ஆசிரியர், ஓராண்டுக் காலம் அவன்மீது போர்மேற் செல்லாதிருக்குமாறு உறுதி பெறுகிறார். வில்லும் வாளும் பயிற்றிய அதே ஆசிரியர், கடைசியாகப் பயிற்றியது காத்திருத்தலை. இவ்விடத்தை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் யாவரும் உள்ளத்தில் இருத்த வேண்டிய இடம் இது. மாணவனின் சினம் தணியாத நிலையில் அவன் கையில் திறமையை மட்டும் கொடுத்து அனுப்புபவர் பாதிப் பணியே செய்தவர் ஆவார்.

பரதன், பாகுபலி வரலாறும் இதையே உணர்த்துகிறது. இரு படைகளும் மோதி எண்ணற்ற உயிர்கள் மடியாமலிருக்க, உடன்பிறந்தோர் இருவர் மட்டும் கண்ணோக்குப் போர், நீர்ப்போர், மற்போர் என மூன்றில் பொருதனர். மூன்றிலும் வென்றவர் பாகுபலி. தமையனைத் தூக்கி எடுத்த அத்தோள், அவரை நிலத்தில் அறைந்திருக்கலாம், அறையவில்லை. வெற்றியின் உச்சியிலேயே அவருக்கு வைராக்கியம் பிறந்தது. வலிமையற்றவர் அடிக்காமல் இருப்பதில் வியப்பில்லை. அடிக்க வல்லவர் அடிக்காமல் இருந்ததனாலன்றோ இன்றும் அவரை வணங்குகிறோம்.

எந்தக் கலை? எந்தக் கருவி?

எல்லாத் தற்காப்புக் கலைகளும் ஒரே தன்மையன அல்ல. ஜூடோவை 1882ஆம் ஆண்டு தோற்றுவித்த ஜிகோரோ கானோ ஒரு கல்வியாளர். தோக்கியோவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரித் தலைவராகப் பணியாற்றியவர். எதிரியின் வேகத்தையே பயன்படுத்தி அவனை வீழ்த்துவது அவர் கலை. தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல் அவர் வகுத்த கொள்கைகளுள் ஒன்று. கராத்தேயை ஜப்பான் முழுவதும் பரப்பிய கிச்சின் புனகோஷியும் ஒகினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. கராத்தேயில் முதல் அடி என்பது இல்லை என்று மாணவர்க்கு விதித்தார் அவர். இது விரோதி ஹிம்சைக்கு நாம் கூறும் எல்லையோடு ஒத்து நிற்பதைக் காணலாம்.

குத்துச்சண்டையை நாம் ஏற்க இயலாது. எதிரியை நினைவிழக்கச் செய்வது அங்கே முழு வெற்றியாக எண்ணப்படுகிறது. கூண்டுக்குள் இருவரை மோதவிட்டுக் காசுக்குக் காட்டும் சண்டைகளைப் பார்த்து மகிழ்வதும் தவறே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்று வழியிலும் வினை சேரும் என்பதால், தொலைக்காட்சி முன் அமர்ந்து கைதட்டுபவரும் விலகி நிற்பவர் ஆகார்.

சிலம்பத்திலும் தேர்ந்து கொள்ள வேண்டியவை உள. ஏறத்தாழ நெற்றி உயரமுள்ள கம்பைக் கொண்டு காலடி வரிசையும் வீச்சும் தடுப்பும் பழகுவது தகும். வெட்டரிவாள், சுருள்வாள், மான்கொம்பு போன்றவை நம் பிள்ளைகளுக்கு வேண்டா. ஆயுதங்களைப் பிறர்க்குக் கொடுப்பது ஹிம்சாதானம் எனப்பட்டு, அனர்த்த தண்டங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாள் வாங்கிக் கொடுக்கும் தந்தை இதனைச் சிந்திக்க வேண்டும். மான்கொம்போ பெயரிலேயே ஓர் உயிரின் உறுப்பைத் தாங்கி நிற்கிறது. கருவியாக உண்மைக் கொம்பை வாங்குவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கும் மாறானது. கம்பின் இருமுனைகளிலும் தீ மூட்டிச் சுற்றும் காட்சி கண்ணைக் கவரலாம். ஒளியை நாடி வரும் சிற்றுயிர்களுக்கு அது சிதையாகும். காப்புக் கவசம், கையுறை முதலியன வாங்கும்போது தோலால் ஆனவற்றை விலக்கி, ரெக்சின், துணி, நுரைப்பஞ்சு ஆகியவற்றால் ஆனவற்றைக் கேட்டு வாங்குக.

வர்மக்கலை பற்றியும் ஒரு சொல். உயிர்நிலைகளைத் தாக்கும் முறையை அறிந்த ஆசான்களே, அவ்விடங்களில் பட்ட அடிக்கு மருத்துவமும் அறிந்தவர்கள். குமரி மாவட்டத்தில் இவ்விரண்டும் ஒருங்கே பயிலப்படுகின்றன. கற்பதாயின் மருத்துவத்தை முன்னும் தாக்குதலைப் பின்னும் வைக்கும் ஆசானிடமே அணுகுதல் வேண்டும். சிறு பிள்ளைகட்கு அது தேவையே இல்லை.

பெற்றோர் கவனத்திற்கு

பெரும் தத்துவங்களைக் காட்டிலும் சிறு நடைமுறைகளே நம் நெறியைக் காப்பன. பயிற்சி பெரும்பாலும் மாலை ஆறு மணிக்குமேல் விளக்கொளியில் நடைபெறுகிறது. பிள்ளை வீடு திரும்பும்போது இரவாகிவிடும்; பொழுது சாயுமுன் உண்ணும் விரதம் அங்கே கெடுகிறது. ஆகவே காலைப் பயிற்சியைக் கேட்டுப் பெறுக. நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் மறுக்கும் ஆசான் அரியர். பகலொளியில் களத்தை மென்மையான துடைப்பத்தால் பெருக்கி, எறும்புப் புற்று இல்லாத இடம் பார்த்து நிற்கப் பிள்ளைக்குப் பழக்குக. வலிமை வேண்டுமாயின் முட்டையும் இறைச்சியும் உண்ண வேண்டும் என்று எவரேனும் சொன்னால், பயறு, உளுந்து, எள், நிலக்கடலை, பால் ஆகியவை நம் வீட்டில் உண்டு என்று பணிவோடு கூறிவிடுக.

எல்லாவற்றினும் மேலாக, ஒரு சோதனையை நீங்களே நடத்திப் பாருங்கள். ஆறு திங்கள் கழித்துப் பிள்ளையை உற்று நோக்குக. தம்பியிடம் கை ஓங்குவது குறைந்துள்ளதா, கூடியுள்ளதா? பள்ளியில் எளியவர் கேலிக்கு ஆளாகும்போது அருகில் சென்று நிற்கிறாளா? அல்லது தன் திறமையைச் சொல்லிப் பிறரை அச்சுறுத்துகிறாளா? நான்கு கஷாயங்களுள் குரோதத்தைக் காட்டிலும் மானமே இக்கலை கற்பாரை விரைவில் பற்றும். அடித்தல் என்பது அஹிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று. செருக்கினால் ஓர் அறை கொடுத்தாலும் விரதம் பழுதுபட்டதே. அக்குறிகள் தோன்றின், பதக்கம் எத்தனை வாங்கியிருந்தாலும் கம்பைச் சிறிது காலம் பரணில் வைத்துவிடுதல் நலம்.

ஆவுடையார்கோவில் தலவரலாறு சைவர் போற்றுவது. பாண்டியனின் அமைச்சர் மாணிக்கவாசகர், படைக்குக் குதிரை வாங்கக் கொண்டுவந்த பொருளைக் கோவிற்பணிக்குச் செலவிட்டார் என்பது அது. இதே புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டத்துக் குகையில், நம் முனிவர்கள் கல்லையே படுக்கையாகக் கொண்டு தவம் இயற்றினர். போருக்கென ஈட்டிய வலிமையை அறத்தின் பக்கம் திருப்பலாம் என்பதற்கு ஒன்று சான்று. உடலின் வலியை வெல்லும் உறுதியே மேலான வலிமை என்பதற்கு மற்றொன்று சான்று.

ஆகவே நம் முடிவு இது. சிராவகர் இல்லத்துப் பிள்ளைகள் சிலம்பம் கற்கலாம்; பெண்பிள்ளைகள் கற்பது இன்னும் நன்று. அவர்கள் முதல் அடியை ஒருபோதும் அடிக்கலாகாது. தாக்க வந்தவன் பின்வாங்கிய கணமே தம் கையையும் நிறுத்துதல் வேண்டும். ஆபத்து நீங்கியபின் அவன்மீது பகையை மனத்தில் சுமந்து திரியலாகாது. இம்மூன்றையும் கம்பு கொடுக்குமுன் கற்பிக்க வேண்டியவர் ஆசான் அல்லர். பெற்ற தாய் தந்தையரே.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!