மறையும் ஒலியும் நிலைக்கும் சொல்லும்

சொல் என்பது எங்கே இருக்கிறது என்ற கேள்வியை இந்தியத் தத்துவ மரபு மிகுந்த கூர்மையோடு எழுப்பியது. ‘ரசம்’ என்று ஒருவர் சொல்லும்போது, ‘ச’ பிறப்பதற்குள் ‘ர’ மறைந்துவிடுகிறது. ‘ம்’ ஒலிக்கையில் முந்தைய இரண்டுமே இல்லை. முழுச் சொல்லும் ஒரே கணத்தில் காற்றில் நிற்பதே இல்லை எனில், கேட்பவருக்குப் பொருளை உணர்த்துவது எது?

முந்தைய ஒலிகள் தம் பதிவுகளை மனத்தில் விட்டுச் செல்கின்றன, அப்பதிவுகளின் துணையோடு கடைசி ஒலியே பொருளை உணர்த்துகிறது என்றார் மீமாம்சை என்னும் தத்துவப் பள்ளியின் உரையாசிரியர் சபரர். ஏழாம் நூற்றாண்டில் குமாரில பட்டர் இதை விரிவாக நிலைநாட்டினார். இலக்கண மரபினரோ இதை ஏற்கவில்லை. ‘வாக்கியபதீயம்’ இயற்றிய பர்த்ருஹரியின் பார்வையில் சொல் என்பது பிரிவற்ற ஒருமை. ‘ஸ்போடம்’ எனப்படும் அந்த ஒருமையை ஒவ்வொரு ஒலியும் சிறிது சிறிதாக வெளிப்படுத்த, இறுதி ஒலியில் அது தெளிவாகத் துலங்குகிறது. பதிவுகள் மட்டுமே போதும் என்றால் வரிசை எப்படிக் காக்கப்படுகிறது என்று அவர்கள் கேட்டனர்; ‘ரசம்’, ‘சரம்’ ஆகிய இரண்டும் விட்டுச்செல்லும் பதிவுகள் ஒன்றே அல்லவா?

இருபதாம் நூற்றாண்டின் மூளை ஆய்வு இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. கண்ணால் படித்த ஆங்கில எழுத்துகளை நினைவிலிருந்து எழுதுவோர், உருவத்தில் ஒத்தவற்றைவிட ‘பி’, ‘வி’ போல ஒலியில் ஒத்தவற்றையே மாற்றி எழுதுகின்றனர் என்று 1964இல் கான்ராட் காட்டினார். குறுகிய கால நினைவு ஒலி வடிவில் இயங்குவதற்கு அது சான்றாயிற்று. 1974இல் பேட்லியும் ஹிட்சும் முன்வைத்த கோட்பாடு பின்னர் வளர்ந்தபோது, இந்நினைவில் இரு உறுப்புகள் பிரித்தறியப்பட்டன: கேட்ட ஒலியை ஓரிரு நொடிகள் தாங்கும் ஒலிச் சேமிப்பு ஒன்று, அது மங்குமுன் மனத்துக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் புதுப்பிக்கும் உள்ளொலிப்பு மற்றொன்று. ஏறத்தாழ இரண்டு நொடிகளில் சொல்லி முடிக்கக்கூடிய அளவு சொற்களையே ஒருவரால் வரிசை பிறழாமல் திருப்பிச் சொல்ல இயல்கிறது. 1993இல் பவுலேசுவும் உடன் ஆய்வாளர்களும் மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுத்து, சேமிப்பை இடப்பக்க மூளையில் காதுக்குச் சற்று மேலே பின்புறமாக அமைந்த ஒரு மடிப்போடும், உள்ளொலிப்பைப் பேச்சை இயற்றும் ப்ரோக்கா பகுதியோடும் தொடர்புபடுத்தினர்.

இச்சேமிப்புப் பழுதுபட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளே தத்துவக் கேள்விக்கு மிக நெருக்கமானவை. பக்கவாதத்துக்குப் பின், காதால் கேட்ட இரண்டு மூன்று எண்களுக்கு மேல் திருப்பிச் சொல்ல இயலாமற்போன ஓர் இத்தாலியப் பெண், தனிச் சொற்களையும் எளிய வாக்கியங்களையும் தடையின்றிப் புரிந்துகொண்டார். சொல்வரிசையை நினைவில் நிறுத்தியே பொருள் கொள்ள வேண்டிய நீண்ட வாக்கியங்களில்தான் தடுமாறினார். தாம் அறிந்த இத்தாலியச் சொற்களை இணை இணையாக மற்றவர்களைப் போலவே கற்றுக்கொண்ட அவரால், காதால் கேட்ட ரஷ்யச் சொற்களை மட்டும் கற்க முடியவில்லை என்பது 1988இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

பழைய வாதத்தின் இரு தரப்புக்கும் இதில் இடமுண்டு. அறியாத சொல் காதில் விழும்போது கேட்பவரிடம் இருப்பவை மங்கிக்கொண்டிருக்கும் ஒலிப்பதிவுகளும் அவற்றின் வரிசையும் மட்டுமே. அவற்றைக் காக்கத் தவறினால் சொல் மனத்தில் உருவாவதே இல்லை. அந்த அளவில் மீமாம்சையின் கூற்று வலுப்பெறுகிறது. அறிந்த சொல்லோ, ஒலிகளைத் திருப்பிச் சொல்லும் ஆற்றல் குன்றிய பின்னும் முழுமையாகத் துலங்குகிறது. ஒலிகளின் தொகையைவிட நிலையான ஏதோ ஒன்று கேட்பவரிடம் முன்பே இருக்கிறது என்ற இலக்கணிகளின் உள்ளுணர்வை இது நினைவூட்டுகிறது. ஆனால் அந்த நிலைபேறு கற்றதனால் வந்தது; பர்த்ருஹரி கருதிய அழிவற்ற சொல்லுக்கு மூளை சான்றளிக்கிறது என்று இதைக் கொண்டு வாதிட இயலாது. ஒலி எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை அறிவியல் பெருமளவு விளக்கியிருக்கிறது. காக்கப்பட்ட ஒலி பொருளாக உணரப்படுவது ஏன் என்ற கேள்வி இன்றும் தத்துவத்துக்கே உரியதாக நிற்கிறது, அதை விடுத்துச் சேமிப்பின் இருப்பிடத்தை மட்டும் சுட்டுவது விடையாகாது.