தனிமையும் வாய்மையும்

ஒருவரும் காணாத இடத்திலும் ஒருவன் உண்மை தவறாது நடக்க வேண்டியது எதற்காக? ஒழுக்கவியல் எழுப்பும் வினாக்களுள் இது மிகப் பழையது. சமயவாதியிடம் இதற்கு ஆயத்தமான விடையொன்று உண்டு. மனிதர் காணாவிடினும் கடவுள் காண்கிறார் என்பான். கருத்துமுதல்வாதத் தத்துவஞானி, கடமையைக் கடமைக்காகவே செய் என்பான். தன்னை நடைமுறைவாதி எனக் கூறிக்கொள்பவனோ, எவருக்கும் தீங்கு விளைக்காத சிறு பொய்யில் என்ன குற்றம் என்று கேட்பான். இவ்விடைகளை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். துருவப் பிரதேசத்து ஆய்வு நிலையம் ஒன்றிலே பணிபுரியும் வானிலை அவதானிப்பாளனின் தொழிலை அதற்காக எடுத்துக்கொள்வோம்.

அந்தாட்டிக்காவின் வெடல் கடலோரத்தில், மிதக்கும் பனித்தட்டு ஒன்றின்மேல், 1956ஆம் ஆண்டில் பிரித்தானிய றோயல் கழகம் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவிற்று. 1957 யூலை முதல் 1958 டிசெம்பர் வரை பல நாடுகளும் சேர்ந்து நடத்திய சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டுக்காக எழுந்த நிலையம் அது. ஹாலி விரிகுடா எனப் பெயர் பெற்றது. ஆண்டில் மூன்று மாதங்களுக்கு மேலாக அங்கே சூரியன் உதிப்பதில்லை. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகை வரை இறங்குவதுண்டு. முதலிற் கட்டிய குடில்களை விழுகின்ற பனியே மூடி மறைத்தது. கோடையில் வரும் கப்பல் திரும்பிப் போய்விட்டால், அடுத்த கோடை வரை வேற்று முகம் ஒன்றைக் காண்பது அரிது.

அவதானிப்பாளனின் வேலையை விவரிப்பது எளிது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெப்பநிலை, வளியமுக்கம், காற்றின் வேகம், அதன் திசை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். வானத்தை எட்டுப் பங்காக எண்ணி, அவற்றுள் எத்தனை பங்கை முகில் மூடியிருக்கிறது என்று மதிப்பிட வேண்டும். எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை எழுத வேண்டும். பின்னர் இவற்றையெல்லாம் எண் குறிகளாக மாற்றி வானொலிமூலம் அனுப்ப வேண்டும். செய்வதற்கு மட்டுமே இது கடினம். நள்ளிரவு கடந்த வேளையில் பனிப்புயல் வீசுகிறது. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டிவைத்த கயிற்றைப் பற்றிக்கொண்டு அவன் வெளியே போக வேண்டியிருக்கிறது. மூன்று மணித்தியாலத்துக்கு முன்பு பூச்சியத்துக்குக் கீழ் 31 பாகையாக இருந்தது. இப்போதும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும். அறைக்குள் இருந்தபடியே ஓர் எண்ணை எழுதிவிட்டால் யார் அறியப் போகிறார்கள்?

இங்கேதான் நமது நடைமுறைவாதி தன் வாதத்தை விரிக்கிறான். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ மூவாயிரம் பதிவுகள் எழுதப்படுகின்றன. அவற்றுள் ஒன்று அரைப்பாகை பிசகினால் சராசரி மாறிவிடுமா? ஒரு மனிதன் பனியில் விறைத்துப் போவதைவிட ஓர் எண் பிழையாக இருப்பது மேலல்லவா? மேலோட்டமாக நோக்குவோருக்கு இதில் நியாயம் இருப்பதாகத் தோன்றும். உயிருக்கு ஆபத்து நேரும் வேளையில் வெளியே போகாதிருப்பதை நாமும் குற்றம் என்று கூறோம். அப்படியானால் பதிவேட்டில் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். “அளக்கவில்லை” என்று எழுதுவதும் உண்மையே. அளக்காததை அளந்ததாக எழுதுவதே நாம் ஈண்டு ஆராயும் பொய்.

அப்பொய்யின் தன்மையைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். கருவி பழுதடைவதால் வரும் பிழை எப்பக்கமும் சாயலாம். மனிதன் கற்பித்து எழுதும் எண் அப்படிச் சாய்வதில்லை. அது நேற்றைய எண்ணையே ஒத்திருக்கும். மற்றவர் சந்தேகம் கொள்ளக்கூடாது என்பதற்காக, வழக்கத்தில் உள்ளதையே அவன் எழுதுவான். ஆகவே, கற்பித்த எண் எப்போதும் பழமையின் பக்கமே நிற்கிறது. உலகில் மாற்றம் எதுவும் நிகழவில்லை என்று அது சாட்சி கூறுகிறது. மாற்றம் உண்மையாகவே நிகழும் வேளையில், அதனை மறைக்கும் திரையாகவும் அதுவே அமைந்துவிடுகிறது.

இது வெறும் தர்க்கமன்று. ஹாலி விரிகுடாவின் வரலாறே இதற்குச் சான்று. நிலையம் தோன்றிய காலந்தொட்டு அங்கே ஓசோன் வாயுவின் அளவும் குறிக்கப்பட்டு வந்தது. வளிமண்டலத்தின் மேலடுக்கிலுள்ள ஓசோன், சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. டொப்சன் கருவியைச் சூரியனை நோக்கித் திருப்பி, ஒளியின் வெவ்வேறு அலைநீளங்களின் செறிவை ஒப்பிட்டு ஓசோனின் அளவைக் கணிப்பர். அவ்வேலையைச் செய்தோருட் பெரும்பாலானோர் புகழ்பெற்ற விஞ்ஞானிகள் அல்லர். ஓரிரண்டு ஆண்டுப் பணிக்கென வந்து, எண்களை எழுதி வைத்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள் அவர்கள். ஆண்டுக்கணக்கில் அந்த எண்கள் எதனையும் புதிதாகக் கூறவில்லை. ஒக்டோபர் மாதச் சராசரி தொடக்க ஆண்டுகளில் 300 டொப்சன் அலகளவில் நின்றது. பின்னர் அது மெல்லச் சரியத் தொடங்கி, 1984 அளவில் 200க்கும் கீழே இறங்கிவிட்டது.

அந்த இறக்கத்தைக் கண்டவர்கள் உடனே ஊரைக் கூட்டிக் கூவவில்லை. முதலில் தங்கள் கருவியையே சந்தேகித்தார்கள். பழைய கருவிக்குப் பதிலாக 1982இல் வேறொரு கருவி கொண்டுசெல்லப்பட்டது. அதுவும் அதே இறக்கத்தைக் காட்டிற்று. அதன்பின் 1985 மே மாதத்தில் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் ‘நேச்சர்’ இதழில் தம் முடிபை வெளியிட்டனர். அந்தாட்டிக்காவின் வானத்திலே ஓசோன் படை ஆண்டுதோறும் வசந்தத்தில் வெகுவாக மெலிகிறது என்பதை உலகம் அறிந்தது.

அக்காலத்தில் வானிலே செய்மதியும் சுற்றிக்கொண்டிருந்தது. 1978இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் நிம்பஸ் 7 ஓசோனை நாள்தோறும் அளந்து வந்தது. ஆனால் குறித்த ஓர் எல்லைக்குக் கீழ் வரும் அளவுகளைச் சந்தேகத்துக்குரியவை எனத் தனியே குறியிடும்படி கணினிக்கு விதி அமைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு குறைந்த எண் வருதல் கூடும் என எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பின்னர் அப்பதிவுகளை மீள ஆராய்ந்தபோது, அதே மெலிவு அங்கும் காணப்பட்டது. எதிர்பார்ப்பு எவ்வாறு கண்ணை மறைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஹாலியில் இருந்த இளைஞர்கள் வழக்கமான எண்ணைக் கற்பித்து எழுதியிருந்தால், தரையிலும் அதே மறைப்பு நிகழ்ந்திருக்கும்.

குளிரூட்டிகளிலும் தெளிகலங்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் சேர்வைகள் ஓசோனை அழிக்கக்கூடும் என்பதை மொலினா, றோலண்ட் ஆகிய இருவரும் 1974இலேயே எடுத்துக்காட்டியிருந்தனர். அவற்றை உற்பத்தி செய்த கம்பனிகள் போதிய ஆதாரம் இல்லை என்றே வாதாடி வந்தன. இலாபத்துக்காக எழுப்பப்படும் அத்தகைய வாதங்களுக்கு முன்னால் வெறும் ஊகம் நிற்காது. இடையறாது எழுதப்பட்ட எண்களின் வரிசையே நிற்கும். 1987 செப்டெம்பர் 16இல் மொன்றியலில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பின்னர் ஐக்கிய நாடுகளின் உறுப்பு நாடுகள் யாவும் அதனை ஏற்றன. 2066ஆம் ஆண்டளவில் அந்தாட்டிக்காவின் ஓசோன் படை 1980இல் இருந்த நிலையை அடையும் என்பது 2022ஆம் ஆண்டின் விஞ்ஞான மதிப்பீடு. அளவிலே நுண்ணிய பல பதிவுகள் திரண்டு, குணத்திலே வேறான ஓர் அறிவாக மாறிய கதை இது.

இனிக் கடமையைக் கடமைக்காகச் செய் என்ற தத்துவஞானியிடம் வருவோம். அவனுடைய விடை உயர்ந்ததாகத் தோன்றினும் குறையுடையது. அது மனிதனைத் தன் மனச்சாட்சியோடு மட்டும் தனியே நிறுத்துகிறது. உண்மையில் துருவத்தில் நிற்கும் அவதானிப்பாளன் தனியன் அல்லன். அவன் கையிலுள்ள வெப்பமானியை எங்கோ ஒரு தொழிலாளி செய்தான். நிலையத்துச் சமையற்காரனும் மின்பொறியை இயக்குபவனும் இன்றேல் அவன் ஓரிரவும் உயிர் வாழான். அவனுக்கு முன் அதே பதிவேட்டில் எழுதியவர்களும், அவனுக்குப் பின் எழுதப் போகிறவர்களும் அவனோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவன் எழுதும் எண்ணை இன்னும் பிறவாத ஒருவன் நம்பி எடுத்து ஆளப்போகிறான். அந்த நம்பிக்கைக்கு அவன் கடன்பட்டவன். ஆகவே, தனிமையிற் காக்கும் வாய்மை தனிமனிதனின் ஆபரணமன்று. சமுதாயக் கூட்டுழைப்பிலே அவனுக்குரிய பங்கு அது.

சமுதாயத்துக்காக என்றவுடன் இன்னொரு வினா எழுகிறது. சமுதாயத்தின் பெயரால் ஆள்வோரும் சமுதாயமும் ஒன்றா? முல்லைப்பாட்டிலே, பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகை வட்டில் கொண்டு பொழுதளந்து கூறுவோர் வருகின்றனர். அவர்களைப் பொய் கூறாதவர் என்றே நப்பூதனார் அடையாளங் காட்டுகிறார். அளப்பவனுக்கு வாய்மையே தொழிலறம் என்பதைப் பண்டைத் தமிழ்ப் புலவர் கண்டிருந்தனர். எனினும் அவ்வாய்மை வேந்தனின் போர்த்தொழிலுக்கே பயன்பட்டது. அளவை எவ்வளவு நேரியதாயினும், அதன் பயன் யாரைச் சேர்கிறது என்ற வினா அதனுடன் கூடவே நிற்கும்.

இடதுசாரிச் சிந்தனையாளராகிய நாம் மனத்தில் இருத்த வேண்டிய வேறோர் உதாரணமும் உண்டு. 1937 மே மாதத்தில் சோவியத் விமானங்கள் பப்பானின், கிரென்கெல், ஷிர்ஷோவ், பியோதொரோவ் ஆகிய நால்வரை வடதுருவப் பனிப்பாளம் ஒன்றின்மீது இறக்கின. 274 நாட்கள் அப்பாளம் தெற்கு நோக்கி மிதந்து, கிறீன்லாந்துக் கரையோரமாக வந்து, பிளந்து சிறுத்தது. அந்நிலையிலும் அவர்கள் வானிலைப் பதிவைக் கைவிடவில்லை. 1938 பெப்ரவரி 19இல் கப்பல்கள் அவர்களை மீட்டன. உழைக்கும் மனிதனின் பெருமையைப் பறைசாற்றும் நிகழ்ச்சி இது. ஆனால் அவர்கள் பனிமீதிருந்து எண்களை அனுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1937 நவம்பர் 3இல், சோவியத் வானிலைச் சேவையின் முதல் தலைவராக விளங்கிய அலெக்சேய் வாங்கெங்ஹைம் சுட்டுக் கொல்லப்பட்டார். வானிலைச் சேவையில் நாசவேலை செய்தார் என்பது 1934இல் கைதானபோது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். அது பொய் என்பதை ஏற்று, 1956இல் அவர் குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டது.

பனிப்பாளத்தில் ஒரு பாகை பிசகாது எழுதப்பட்டது. நீதிமன்றப் பதிவேட்டிலோ ஒரு மனிதனின் உயிர் பொய்யால் எழுதி முடிக்கப்பட்டது. மக்கள் நலனுக்காகச் சிறிது பொய் கூறலாம் என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹாலியின் எண்கள் கம்பனிகளுக்கு உவப்பாயிருக்கவில்லை. பொய்யான எண் மக்கள் அரசு எனப்படும் அரசுக்கு உவப்பாயிருந்தாலும் அது பொய்யே. உண்மையை வேண்டுவது சமுதாயம். உவப்பானதை வேண்டுவது அதிகாரம். இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியாத முற்போக்கு, முற்போக்காகாது.

இத்தகைய பதிவுகளைப் பேணுவது செலவுமிக்கது, உடனடிப் பயனற்றது என்போர் எங்கும் உளர். வளியிலுள்ள காபனீரொட்சைட்டை ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்து வந்த சார்ள்ஸ் கீலிங்கின் பணி, 1964இல் நிதி வெட்டுண்டமையால் சிறிது காலம் தடைப்பட்டது. அந்த இடைவெளி இன்றும் நிரப்பப்படவில்லை. இனியும் நிரப்பப்பட மாட்டாது. கட்டடம் இடிந்தால் மீளக் கட்டலாம். அளவாது கடந்துபோன நாளை எவரும் திரும்பச் சென்று அளக்க முடியாது.

இன்று நிலைமை மாறிவருகிறது. பனித்தட்டில் தோன்றிய வெடிப்புகள் காரணமாக, 2017 முதல் ஹாலி நிலையத்தில் குளிர்காலத்தில் ஆட்களை இருத்தும் வழக்கம் நிறுத்தப்பட்டது. தானியங்கிக் கருவிகள் அப்பணியை ஏற்றன. கருவி சோம்புவதில்லை, குளிருக்கு அஞ்சுவதுமில்லை. அதனால் வாய்மை பற்றிய வினா ஒழிந்ததாகக் கருதுவது தவறு. நிம்பஸ் செய்மதிக்கு எல்லை வகுத்தவன் மனிதனே. எதனை அளப்பது, எதனைப் பிழையென ஒதுக்குவது, முடிபை யாருக்கு வெளியிடுவது என்பவற்றைத் தீர்மானிப்பவனும் மனிதனே. பனிப்புயலில் நின்ற அறவினா இப்போது மேசைக்கு இடம் மாறியிருக்கிறது.

ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வினா தொலைவில் உள்ளதன்று. ஆய்கூடத்தில் செய்முறை செய்யும் மாணவன், தன் கருவி காட்டிய எண்ணை அழித்துவிட்டு, புத்தகத்தின்படி வர வேண்டிய எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவதை நாம் அறிவோம். அவ்வாறு எழுதினாற்றான் புள்ளி கிடைக்கும் என்பதை அவனுக்குக் கற்பித்தது நமது கல்விமுறையே. பரீட்சையில் அவன் சித்தியெய்திவிடுவான். ஆனால் உலகம் புத்தகத்தோடு முரண்படும் நாளில், அந்த முரண்பாட்டைக் காணும் கண்ணை அவன் இழந்திருப்பான். புத்தகத்தோடு ஒவ்வாத எண்ணை அஞ்சாது எழுதி, அது ஏன் ஒவ்வவில்லை என ஆராயும் மாணவனுக்கு முழுப் புள்ளி கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோமா? வாய்மையைப் பற்றி மாணவருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னர் நாம் விடை கூற வேண்டிய வினா இது.