அவள் சொன்னதும் அவள் சிறுநீர் சொன்னதும்

மனிதப் புற்றுநோய் மரபணு ஒன்றில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஓரெழுத்துப் பிறழ்வு, ஒரு பெண்ணின் சிறுநீர்ப்பையிலிருந்து வந்தது. 1982-இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அதைக் கண்டன. ராஸ் குடும்பத்து மரபணு ஒன்றில் ‘ஜி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘டி’ இருந்தது. அவ்வளவுதான் மாற்றம். அதனால் அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தில் 12-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘பெருகு’ என்று செல்லுக்குச் சொல்லும் சுவிட்ச் அணையவே மாட்டேன் என்கிறது. அந்தச் செல்களுக்கு டி24 என்று பெயர். ஸ்வீடனைச் சேர்ந்த 81 வயதுப் பெண்ணின் கட்டியிலிருந்து 1970 வாக்கில் எடுத்து வளர்க்கப்பட்டவை. இன்றைக்கும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. விலைப்பட்டியலில் வயது இருக்கிறது, பால் இருக்கிறது, நோய் இருக்கிறது. பெயர் இல்லை.

இதே நோயின் வரலாற்றில் ஓர் ஆணுக்குப் பெயர் இருக்கிறது. ஹ்யூபர்ட் ஹம்ப்ரி, அமெரிக்கத் துணை ஜனாதிபதி. 1967-இல், பதவியில் இருக்கும்போது, அவருடைய சிறுநீரில் ரத்தம் வந்தது. சிறுநீரில் உதிர்ந்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். புற்றுநோயா இல்லையா என்பதில் நிபுணர்களுக்குள் ஒத்த கருத்து ஏற்படவில்லை. 1976-இல் பரவலான புற்றுநோய் என்று உறுதியாகிச் சிறுநீர்ப்பையையே அகற்றினார்கள். 1978 ஜனவரியில் இறந்தார். அதோடு முடியவில்லை. 1967-இன் அந்த மாதிரி பத்திரமாக இருந்தது. 1994-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அதை மீண்டும் எடுத்துச் சோதித்தபோது, 1976-இன் கட்டியில் இருந்த அதே பி53 பிறழ்வு, 9 ஆண்டுகளுக்கு முந்தைய சிறுநீரிலேயே இருந்தது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாததை மரபணு சொல்லிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய ஆதாரமாயிற்று.

எனக்கு இதில் வேறொன்று உறுத்துகிறது. அந்தச் சிறுநீர் 27 ஆண்டுகள் காக்கப்பட்டது. அவர் ‘ரத்தம் வருகிறது’ என்று சொன்ன உடனே நாட்டின் பெரிய மருத்துவர்கள் அதை வைத்துத் தர்க்கம் செய்தார்கள். தவறவிட்டிருக்கலாம், ஆனால் அலட்சியம் செய்யவில்லை. தவறவிடுவது அறிவின் எல்லை. அலட்சியம் வேறு கணக்கில் வரும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம் வருகிறது. அதனால் மருத்துவரின் மனக்கண்ணில் நிற்கும் நோயாளி ஒருவர்தான்: வயதான, சிகரெட் பிடிக்கும் ஆண். ஆனால் வந்துவிட்ட பெண்களுக்கோ பெரும்பாலும் முற்றிய நிலையில்தான் தெரிகிறது. பிழைப்பவர்களின் விகிதமும் அவர்களிடம் குறைவு. உடற்கூறும் ஹார்மோனும் இதில் பங்கு வகிக்கலாம். ஆனால் சிறுநீரில் ரத்தம் என்று வரும் பெண், சிறப்பு மருத்துவரிடம் போய்ச் சேர ஆணைவிடக் கூடுதல் காலம் ஆகிறது என்று மேற்கத்திய நாடுகளின் ஆய்வுகளே திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இடையில் நடப்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை.

என் பெரியம்மாவுக்கு 63 வயதில் அது தொடங்கியது. வலியில்லாமல், செம்பருத்தித் தண்ணீர் மாதிரி. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு என் அம்மாவிடம் கிணற்றடியில் வைத்துச் சொன்னார். சூடு என்றார்கள். பார்லித் தண்ணீர், இளநீர், வெந்தயம். பக்கத்து கிளினிக்கில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஐந்து நாள் மாத்திரை. ரத்தம் நின்றது. மறுபடி வந்தது, மறுபடி மாத்திரை. மூன்றாவது தடவை, “தீட்டு நின்னு எத்தனை வருஷமாச்சு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்று கேட்டாராம் மருத்துவர். எங்கிருந்து ரத்தம் வருகிறது என்றுகூடத் தெரியாதவள் என்று அர்த்தம். ஐம்பது வருடம் தன் உடம்பின் ரத்தத்தைக் கணக்கு வைத்திருந்த பெண்ணிடம் அந்தக் கேள்வி! இந்த நோயில் ரத்தம் விட்டுவிட்டுத்தான் வரும். மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் சில நாளில் தானாக நிற்கும். அதனால் மாத்திரை வேலை செய்தது என்று எல்லாரும் நம்பினோம். ஸ்கேனும் குழாய் விட்டுப் பார்ப்பதும் நடக்கப் பதினொரு மாதம் ஆயிற்று.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007-இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கேட்பவரின் முன்முடிவால் பேசுபவரின் சொல் மதிப்பிழப்பது. சாட்சிய அநீதி என்று தமிழில் சொல்லலாம். அந்த அநீதி நடக்கும் அறைக்குள்தான் இப்போது மரபணுச் சோதனை வருகிறது.

சோதனையின் ஆற்றலை நான் குறைத்துப் பேசவில்லை. டெர்ட் என்ற மரபணுவின் தொடக்கப் பகுதியில் வரும் பிறழ்வு சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அந்தச் செல்கள் சிறுநீரில் உதிர்வதால், ஒரு டப்பா சிறுநீர் போதும். ஈரானின் கோலெஸ்தான் மாகாணத்தில் சுமார் 50,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்களில் பின்னால் இந்த நோய் வந்த 30 பேரின் பழைய சிறுநீரை 2020-இல் வெளியான ஆய்வுக்காகச் சோதித்தார்கள். 14 பேரிடம் பிறழ்வு இருந்தது. சிலரிடம் நோய் தெரிவதற்கு 10 ஆண்டுகள் முன்பே. நோய் வராத ஒப்பீட்டுக் குழுவில் ஒருவரிடமும் இல்லை.

இந்த நோய் திரும்பத் திரும்ப வரும் நோய். கட்டியை எடுத்த பிறகும் முதலில் மூன்று மாதத்துக்கொருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். ‘பெண்களுக்குப் பாதை குட்டை, வலிக்காது’ என்று சுலபமாகச் சொல்வார்கள். கால்களை விரித்துத் தூக்கிக் கட்டி, பயிற்சி மருத்துவர்கள் நாலு பேர் நிற்கக் கிடப்பது வலிக்கணக்கில் சேராது போலும். அதில் பாதித் தடவையையாவது ஒரு டப்பா மிச்சப்படுத்தினால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

எனக்கு அச்சம் தருவது அந்தப் 14 அல்ல, மீதி 16. நோய் வரவிருந்த 16 பேரின் சிறுநீர் ஒன்றும் சொல்லவில்லை. ஆய்வாளருக்கு அது ஓர் எண். ரத்தத்தோடு வந்து நிற்கும் பெண்ணிடம் அந்தக் காகிதத்தை நீட்டினால் என்ன ஆகும்? இதுவரை ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னது ஒரு மனிதர்; அவரோடு சண்டை போடலாம், வேறொருவரைப் பார்க்கலாம். இனிமேல் சொல்வது இயந்திரம். அதை எதிர்த்துப் பேச அவளிடம் என்ன இருக்கிறது? அவள் சொல் மட்டும்தான். அதைத்தான் முதலிலேயே கழித்துவிட்டோமே.

ஆகவே என் வாதம் வரிசையைப் பற்றியது. அவள் சொல்வதைக் கேட்டு, நம்பி, அதற்குத் துணையாகச் சோதனையை அழைப்பது ஒன்று. அவளைக் கேட்காமலிருக்கச் சோதனையை அழைப்பது இன்னொன்று. இரண்டிலும் அதே டப்பா, அதே இயந்திரம், அதே கட்டணம்.

உடலுக்குள் கருவி நுழையாத சோதனை என்று இதை விளம்பரப்படுத்துகிறார்கள். நுழைவது கருவி மட்டுமா? பத்து வருடம் கழித்து வரக்கூடும் என்ற செய்தி ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குள் நுழைவதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. கட்டியே இல்லாத நிலையில் வெட்டி எடுக்கவும் ஒன்றுமில்லை. காத்திருக்கலாம், அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம். தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது அவளுடைய முடிவாக இருக்க வேண்டும் என்று எழுதுவது எளிது. நம் ஊரில் ரிப்போர்ட் யார் கைக்கு வருகிறது? பெரியம்மாவின் பயாப்ஸி முடிவு அண்ணனின் போனுக்குத்தான் வந்தது. லேப் ரசீதில் இருந்தது அவன் எண். “அம்மாகிட்ட இப்போ சொல்ல வேண்டாம், பயந்துடுவாங்க” என்று முடிவெடுத்துவிட்டார்கள். பெரியம்மா நாலாம் நாள் காலையில் காப்பி டம்ளரை வைத்துவிட்டு அண்ணனிடம், “அந்தக் காகிதத்தக் கொண்டா, எனக்கும் படிக்கத் தெரியும்” என்றார்.