கேளாமை என்னும் அறம்

குடியிலிருந்து மீள முயலும் ஒருவருக்கு அவரைச் சூழ்ந்து வாழும் சமூகம் ஆற்றவேண்டிய கடமை யாது? அறவுரை கூறுதல் என்பதே நாம் பொதுவாக அளிக்கும் விடை. கோயில் வீதியிலும் பாடசாலை மேடையிலும் குடியின் தீமையை எடுத்துரைத்துவிட்டால் எம் கடமை முடிந்ததென எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் ஆராயத்தக்கது.

வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை நிறைவு செய்யும் முறை இங்கு நோக்கற்பாலது. வெறியில் இருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனைத் தீவட்டி கொண்டு தேடுவது போன்றதென்கிறார் ஒன்பதாம் குறளில். பத்தாம் குறளிலோ, தான் குடியாத வேளையில் குடித்த இன்னொருவனைக் காணும்போது அவன் தன் நிலையை எண்ணிப்பாரானோ என வினவுகின்றார். அறவுரை தோற்கும் இடத்தில் தன்னையொத்த இன்னொருவனே கண்ணாடியாகின்றான் என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கையிற் பெறப்படும் கருத்தாகும்.

இக்கருத்தின் நடைமுறை வடிவத்தை 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அக்ரன் நகரிற் காண்கின்றோம். பில் வில்சன் என்பவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வணிக முயற்சியொன்று தோல்வியுற்று அந்நகரில் தனித்திருந்தவேளை, மீண்டும் குடித்துவிடுவேனோ என அஞ்சிய அவர், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளரைத் தேடினார். அவ்வாறு கிடைத்தவரே பொப் ஸ்மித் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். வில்சன் உபதேசிக்கச் சென்றவரல்லர். தம்மைக் காத்துக்கொள்ளச் சென்றவர். அச்சந்திப்பிற் பிறந்ததே 'அல்ககோலிக்ஸ் அனோனிமஸ்', அதாவது பெயர் வெளியிடாக் குடிநோயாளர் இயக்கம். குடியை விடவேண்டுமென்ற விருப்பம் ஒன்றே அதிற் சேர்வதற்கான தகுதி, கட்டணம் இல்லை. ஒருவர் தம் கதையைச் சொல்வார், ஏனையோர் கேட்பர். குடிநோயாளரின் குடும்பத்தினருக்கென 1951 இல் 'அல்-அனோன்' தோன்றியது. தமிழ்நாட்டிலும், குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் நிறுவிய சிகிச்சை நிலையம், குடும்பத்தாரையும் சிகிச்சையிற் பங்குகொள்ளச் செய்தது.

இத்தகைய கூட்டங்களின் உயிர்நாடி பெயர் வெளிவராமை ஆகும். பெருநகரில் இது எளிது. கொடிகாமம் போன்ற ஓர் ஊரில் இயலுமா? கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறை வீதி பிரியும் சந்தியும் அருகேயுள்ள சந்தையுமே எம்மூரின் முகம். அங்கு பேருந்துக்குக் காத்துநிற்கும் எவரும் முகமறியாதவரல்லர்; அவரது தந்தை பெயரும், காணியின் எல்லையும்கூடப் பலருக்குத் தெரியும். எனவே இங்கு பெயரை மறைப்பது குடிநோயாளரின் கையில் இல்லை. அவரை அறிந்த எம் கையிலேயே உள்ளது.

இதனை யான் ஒரு பிழையின் வாயிலாகவே கற்றேன். எம் அயலவர் ஒருவர் வாரந்தோறும் வேறோர் ஊருக்கு இவ்வாறான கூட்டமொன்றுக்குச் சென்றுவரத் தொடங்கினார். விடுமுறைக்கு வந்திருந்த யான் அதனை அறிந்து, தேநீர்க் கடையில் நாலுபேர் முன்னிலையில் அவரைப் பாராட்டிப் பேசினேன். புகழ்ச்சிதானே என்றிருந்தேன். அடுத்த வாரம் சந்தியில் நின்றவரிடம் ஒருவர் மாறி ஒருவர் விசாரித்தனர். அதன்பின் அவர் போகவில்லை. காரணம் வினவியபோது, "தம்பி, நான் குடிச்ச காலத்திலை தவறணைக்குப் போகேக்கை ஒருத்தரும் கேக்கேல்லை, விட வெளிக்கிட்ட பிறகுதான் எல்லாரும் கேக்கினம்" என்றார். எனக்கு மறுமொழி இருக்கவில்லை.

மௌனம் அறமாயின், குடியினால் மனைவியும் மக்களும் படும் துன்பத்தையும் மூடிமறைக்கலாமோ என்னும் தடை ஈண்டு எழும். அன்று. பிறர்மேல் விழும் அடி அவரது தனியுரிமை ஆகாது. அதனைக் கண்டும் வாளாவிருத்தல் அத்தீமைக்கு உடந்தையாதலே. மீள்வதற்காக ஒருவர் எடுத்துவைக்கும் அடியோ அவருக்கே உரியது. அதனைச் சொல்லும் உரிமையும் அவருடையதே. எமது வழக்கம் தலைகீழானது. அடி விழும்போது "வீட்டு விசயம்" என ஒதுங்குகின்றோம். மீள முயலும்போது ஊர் விசயமாக்குகின்றோம். வெறிக்குட்டி என்று ஒருமுறை பெயர்சூட்டப்பட்டவர் திருந்திய பின்னரும் அப்பெயராலேயே அறியப்படுவது இதன் விளைவேயாகும்.

இவ்வறத்தை நாம் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. வெளிக்கிட்டவரை "எங்கே" என்று கேட்கலாகாதென எம் முதியோர் சிறுவயதிலேயே கற்பித்துள்ளனர். கேட்கவே வேண்டின் "தூரமோ" என்பர். அதனைச் சகுனம் பற்றிய நம்பிக்கை என நாம் தள்ளிவிடுகின்றோம். ஆயினும், ஒருவரது பயணம் அவருக்கே உரியது என்னும் மதிப்பும் அதனுள் அடங்கியுள்ளது.

சில மாதங்களின் பின்னர் ஒருநாட் காலை அவ்வயலவரைச் சந்தியில் மீண்டும் கண்டேன். "தூரமோ அண்ணை?" என்றேன். "ஓம் தம்பி" என்றார். வேறெதுவும் யான் கேட்கவில்லை.