எண்ணி முடித்தோமா?

சென்ற ஆண்டு நந்தீஸ்வர நோன்பின்போது, நமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர் அஷ்டமி தொடங்கிப் பௌர்ணமி முடிய 8 நாட்களும் பகலில் ஒருவேளை உணவே கொள்வதென விரதம் ஏற்றிருந்தார். ஆறாம் நாள் கடுங்காய்ச்சல் கண்டது. அவருடைய மாமியார் வற்புறுத்தி இரவில் கஞ்சியும் மருந்தும் கொடுத்துவிட்டார். காய்ச்சல் தணிந்த பின்னும் அம்மையாரின் கண்ணீர் தணியவில்லை. "ஐந்து நாளும் வீணாயிற்றே, கணக்கு நிறையவில்லையே" என்று நம்மிடம் வருந்தினார். "அடுத்த நோன்பில் முதலிலிருந்து தொடங்குங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். அவ்வாறு சொன்னது சரிதானா என்னும் ஐயம் அன்று முதல் நம்மை விட்டபாடில்லை.

எண்ணிக்கை நிறைந்தால் செயல் நிறைந்தது, குறைந்தால் யாவும் குறைந்தது என்று கொள்கிறோம். நெல்லை மரக்காலால் அளப்பதற்கு இக்கணக்கு பொருந்தும். உயிரின் தூய்மையை அளக்கவும் பொருந்துமா?

ஜெபமாலையை எடுத்துக்கொள்வோம். 108 மணிகளை உருட்டியவுடன் 'ஒரு மாலை ஆயிற்று' என்று மனம் நிறைவடைகிறது. (கடைசி இருபது மணிகள் சற்று விரைவாகவே உருளுவதை நாம் மறைப்பதற்கில்லை.) இந்த 108 எங்கிருந்து வந்தது? தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், வினை ஊற்றுக்கு இடமாகும் செயல்களைப் பகுத்துரைக்கிறது. செய்ய எண்ணுதல், அதற்கான கருவிகளைச் சேர்த்தல், செய்யத் தொடங்குதல் என 3. மனம், மொழி, மெய் என 3. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என 3. சினம், செருக்கு, மாயை, உலோபம் என 4. பெருக்கினால் 108. ஆகவே மாலையின் மணிகள் நாம் ஈட்டிய புண்ணியத்தின் கணக்கல்ல. வினை நுழையும் வாயில்களின் கணக்கு. வாயில்களை எண்ணி முடித்தமையாலேயே அவை அடைபட்டுவிடுமா?

குணஸ்தானங்கள் 14 என்பதை நம் இல்லத்துப் பிள்ளைகளும் பாடமாய்ச் சொல்வர். படிகள் 14 என்றவுடன், ஏழாம் படி பாதி வழி என்றும், பதினோராம் படியில் நிற்பவருக்கு இன்னும் மூன்றே மீதி என்றும் கணக்கிடத் தோன்றும். இக்கணக்கு தொடக்கத்திலேயே பிழைபடுகிறது. முதற்படியில் உள்ள உயிர் இரண்டாம் படிக்கு ஏறுவதே இல்லை. நற்காட்சி பெற்ற பின் அதனின்று நழுவும் உயிரே இரண்டில் சிறிது பொழுது தங்கி முதற்படியைச் சேர்கிறது. பதினோராம் படியோ இன்னும் வியப்பானது. அங்கு மோகம் முற்றும் அடங்கியிருக்கிறது, ஆனால் அழியவில்லை. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்தால் சேறு அடியில் படிந்து நீர் தெளிகிறது. பானையை யாரேனும் அசைத்தால்? அத்தெளிவு ஒரு முகூர்த்தத்திற்கும் குறைந்த காலமே நிற்கும். பின் அவ்வுயிர் இறங்கியே தீரவேண்டும். முதற்படி வரையிலும் விழக்கூடும். மோகத்தை வேரோடு களைந்து செல்லும் உயிர் பதினொன்றை மிதிப்பதே இல்லை. பத்திலிருந்து பன்னிரண்டுக்குச் செல்கிறது. படிகளின் கால அளவும் ஒன்றன்று. பகவான் மகாவீரர் பதின்மூன்றாம் படியில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் இருந்து அறமுரைத்தார். பதினான்காம் படியில் தங்கும் காலமோ ஐந்து குற்றெழுத்துகளைச் சொல்லும் நேரமே. மூன்று மீதி என்றவரின் கணக்கு என்னாயிற்று?

எண்ணே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அலையும் மனத்துக்கு எண் ஒரு வேலி. எட்டு என்று வரையறுக்காவிடில் நம்மில் பலர் இரண்டாம் நாளே இலை விரித்திருப்போம். ஆயினும், ஐந்து நாட்கள் நாவை அடக்கியதால் உதிர்ந்த வினை, ஆறாம் நாள் குடித்த கஞ்சியால் மீண்டு வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது நாம் கற்ற நூல் எதிலும் இல்லை. அதை மறந்துதான் அவ்வம்மையாருக்கு விடை சொன்னோம்.

அண்மையில் அவரைக் கண்டபோது, முன்பு சொன்னதைத் திருத்திக்கொண்டோம். "தவறிய நாளுக்கு உரிய பிராயச்சித்தத்தைச் செய்யுங்கள். நோற்ற ஐந்து நாட்களைத் தள்ளிவிட வேண்டாம்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "கஞ்சி கொடுத்த அத்தையைச் சினந்து பேசிவிட்டேன் ஐயா. அதற்கும் பிராயச்சித்தம் உண்டா?" என்று கேட்டார்.